இடது கன்னம்

சலூன்காரருக்குத் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது. பிழைப்போ கண்ணாடிக்கு முன்னால்.

பத்தொன்பது வருடமாக இப்படித்தான். வாடிக்கையாளர் உட்காருவார், கழுத்தில் துணி ஏறும், கண்ணாடியில் இரண்டு முகங்கள் தெரியும். ஒன்று உட்கார்ந்திருப்பவருடையது. மற்றது இவருடையது. பதினாறு வயதில் வந்த பருக்கள் இருபத்திரண்டில் போயின. போகும்போது சும்மா போகவில்லை. இரண்டு கன்னங்களையும் தோண்டிப் போட்டுவிட்டுப் போயின. வேலை பழகிய இடத்தில் இவருக்கு வைத்த பெயர் 'கொத்தின அம்மி'.

இரண்டு பக்கமும் முடி சமமாக இறங்கியிருக்கிறதா என்று மற்றவர்கள் கண்ணாடியைப் பார்ப்பார்கள். இவர் குனிந்தபடியே இரண்டு கட்டைவிரல்களையும் காதுக்கு மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். தப்பாது. கைராசிக்காரர் என்று பேர். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை. நிமிர்ந்தால் முகம் தெரியும். அதற்குப் பயந்து கற்றுக்கொண்ட வித்தை.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஜன்னல் பக்கம் இவருடையது. சுவர்ப் பக்கம் கூட்டாளியுடையது. கூட்டாளியை ரேடியோ என்பார்கள். காலையில் கதவு திறக்கும்போது ஆரம்பித்தால் பூட்டும்வரை ஓடும். நிறுத்துகிற பொத்தான் கிடையாது.

தங்கை ஒரு தோல் சிகிச்சை நிலையத்தில் வேலை பார்த்தாள். முதலில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பிறகு வருகிறவர்களிடம் சிகிச்சையைப் பற்றி எடுத்துச் சொல்கிற வேலை. அப்புறம் பயிற்சி முடித்து ஊசிக் கருவியும் பிடிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் கடைக்கே வந்தாள்.

"அண்ணே, எங்க டாக்டரம்மா ஒரு ஆள் தேடறாங்க. முகத்துல நல்லா குழி இருக்கணும். சொன்ன தேதிக்கு வரணும். விளம்பரத்துக்குப் படம் எடுக்க விடணும். காசு வேண்டாம்."

"நல்லா குழி இருக்கற ஆளுன்னதும் என் ஞாபகம் வந்துடுச்சாக்கும்?"

"பின்ன? வீட்டுலயே வெச்சுக்கிட்டு வெளிய தேடுவாங்களா?"

ரேடியோ கத்திரியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கியிருக்காது. அவளுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு. இவர் பதினேழு வயதில் வெளியே போகமாட்டேன் என்று அறைக்குள் கிடந்தபோது, ஒன்பது வயதுக்காரி பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சால் மருந்து தொட்டு ஒவ்வொரு பருவுக்கும் வைத்து, எரியுதா எரியுதா என்று ஊதிவிட்டவள்.

"வலிக்குமா குட்டி?"

"நான் இருக்கேன்ல."

அது போதும் என்று போனார்.

*

முதல் நாள் டாக்டரம்மா கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

"மொதல்லயே சொல்லிடறேன். சுத்தமா மறையாது. சுத்தமா மறைஞ்சிடும்னு யாராவது சொன்னா அங்க போகாதீங்க. பாதி ஆழம் குறைஞ்சா நல்ல பலன். அதுக்கு மேல குறைஞ்சா உங்க அதிர்ஷ்டம்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ஆறு தடவை. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஆறு வாரம். ஊசி தோல்ல சின்னச் சின்னக் காயம் பண்ணும். அத ஆத்தறதுக்காகத் தோல் உள்ளேருந்து தானே வளரும். நாம செய்யறது காயம் மட்டும்தான். மிச்சத்தை உங்க உடம்புதான் செய்யணும். மூணு மாசம் வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. அந்த மூணு மாசத்துலதான் பாதிப் பேரு ஓடிடுவாங்க."

"நான் ஓடமாட்டேன்."

"தெரியும். உங்க தங்கச்சி உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா."

தங்கை நீலத் துணி தொங்கிய சுவருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். நேராக ஒன்று, வலம் ஒன்று, இடம் ஒன்று. தரையில் பாதம் வைக்கக் கோடு போட்டிருந்தது. பிறகு கன்னமெல்லாம் மரத்துப்போகும் களிம்பைப் பூசி மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். முக்கால் மணி நேரம் அப்படியே படுத்திருந்தார். உதடு யாருடையதோ மாதிரி ஆனது.

கருவி தடித்த பேனா போல் இருந்தது. நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள். எவ்வளவு ஆழம் இறங்கவேண்டும் என்று அதன் கழுத்தில் திருகி வைத்துக்கொள்ளலாம். டாக்டரம்மா வலது கன்னத்தைச் செய்து காட்ட, தங்கை இடது கன்னத்தைச் செய்தாள். மரத்த தோலையும் மீறி இரண்டு பக்கமும் சுருக்சுருக்கென்று ஏறியது. எலும்புக்கு மேல் வரும்போது பல் கூசியது. துடைத்த பஞ்சில் இரண்டு பக்கமும் சிவப்பு.

"எரியுதா?" என்றாள் தங்கை.

தலையாட்டினார். ஊதவில்லை. ஊதக்கூடாதாம், கிருமி.

மூன்று நாள் முகம் தீயில் வாட்டிய மாதிரி இருந்தது. ஒரு வாரம் கத்தி படக்கூடாது. முகத்தில் மயிரை வைத்துக்கொண்டு ஊருக்கு மழித்துக்கொண்டிருந்தார். ரேடியோ வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "அண்ணன் சாமியாராப் போறாரு. கடை இனிமே எனக்குத்தான்."

*

இரண்டாவது தடவையிலிருந்து தங்கைதான் செய்தாள். டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி.

வலது கன்னத்தில் பழைய வலி வந்தது. இடது கன்னத்தில் வரவில்லை. கூச்சம் மட்டும். சத்தமும் வேறாக இருந்தது. முடிவெட்டும் மிஷின் அடர்ந்த முடிக்குள் இறங்கும்போது ஒரு சத்தம், காற்றில் சும்மா ஓடும்போது ஒரு சத்தம். பத்தொன்பது வருடக் காதுக்கு அது தெரியாமல் போகாது. வலது பக்கம் கருவி முனகியது. இடது பக்கம் பாடியது.

"குட்டி, இந்தப் பக்கம் மிஷின் சும்மா ஓடற மாதிரி இருக்கே?"

"ஆமா, இது உன் ட்ரிம்மரு பாரு. பேசாம படுண்ணே, வாய் அசைஞ்சா கோணலாப் போயிடும்."

"வலிக்கவே இல்லையே."

"ஒரு தடவை ஆனா ஒரு பக்கம் பழகிடும். சில பேருக்கு அப்படித்தான்."

அவளுக்குத் தெரியாததா என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது தடவை முடிந்து இரண்டு வாரம் இருக்கும். காலையில் முகம் கழுவும்போது வலது கையில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. விரலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். காதுக்குப் பக்கத்திலிருந்த பெரிய குழியின் விளிம்பு மழுங்கியிருந்தது. சோப்பை அலம்பாமலேயே மனைவியைக் கூப்பிட்டார். அவள் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அட, ஆமாங்க."

"இந்தப் பக்கம்?"

இடது கன்னத்தையும் பார்த்தாள். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "அதுவும் வரும்" என்றாள்.

அடுத்த தடவை போனபோது தங்கையிடம் கேட்டார். அவள் களிம்பைக் குழைத்துக்கொண்டே யோசித்தாள்.

"நீ எந்தப் பக்கம் படுத்துத் தூங்குவ?"

"இடது பக்கம்."

"அதான். ராத்திரி பூரா தலகாணில அழுத்தி வெச்சா எப்படி ஆறும்?"

அன்றிலிருந்து வலது பக்கம் படுத்தார். நாற்பது வயதில் படுக்கிற பக்கத்தை மாற்றுவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. தூக்கத்தில் உடம்பு தன் பாட்டுக்கு இடது பக்கம் புரண்டது. முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கினார். அதையும் தள்ளிவிட்டுப் புரண்டார். கடைசியில் ஒரு துண்டில் உருட்டிய துணியை முடிந்து இடது தோளோடு கட்டிக்கொண்டார். புரண்டால் குத்தும், விழித்துக்கொள்ளலாம். மனைவி விளக்கை அணைக்கும் முன் அந்தக் கோலத்தைப் பார்த்து, "சண்டைக்குப் போறீங்களா, தூங்கப் போறீங்களா?" என்றாள். பாதித் தூக்கத்தோடு கடைக்குப் போய் நின்றார். கால் வீங்கியது.

இதற்கிடையில் டாக்டரம்மா ஒருமுறை வந்து பார்த்தார். வலது கன்னத்தைத் தொட்டு, "பிரமாதம்" என்றார். இடது கன்னத்தைத் தொட்டு, "ம், அப்படியே இருக்கு. நல்லது" என்றார்.

அவர் போனதும் இவர் கேட்டார். "அப்படியே இருக்கறது எப்படி நல்லது?"

"மோசமாகாம இருக்கேன்னு சொல்றாங்க" என்றாள் தங்கை. "ஆமா, உன் நாற்காலி ஜன்னல் பக்கம்தானே? நீ நிக்கற வாக்குல வெயில் எந்தக் கன்னத்துல விழுது?"

கடையில் நிற்கிற மாதிரியே நின்று பார்த்தார். இடது கன்னத்தில்தான்.

மறுநாள் ரேடியோவிடம் இடம் மாற்றிக் கேட்டார்.

"பதினோரு வருஷமா இந்தச் சுவரப் பாத்துப் பழகிட்டேன்யா. எனக்கு அந்தப் பக்கம் போனா கை எப்படி ஓடும்?"

"ஒரு நாலு மாசம்தான்."

"பொண்டாட்டிய மாத்தச் சொன்னாக்கூட யோசிப்பேன்..."

"உன் பொண்டாட்டி யோசிக்க மாட்டா. உடனே சரின்னுடுவா."

நாற்காலியை ரேடியோ அசைக்க விடவில்லை. ஆட்கள் மட்டும்தான் இடம் மாறினார்கள். கத்தி, சீப்பு, தண்ணீர்ப் புட்டி எல்லாம் கைக்கு எதிர்ப்பக்கம் போயின. ஒரு மாதம் இருவரும் தடுமாறினார்கள். தண்ணீர் என்று நினைத்து ஒருவர் தலையில் ரேடியோ கிருமிநாசினியை அடித்துவிட்டார். இவர் வெளியே போனால் குடை பிடித்தார். மழை இல்லாத நாளில் குடை பிடிக்கிற ஆளைத் தெரு வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று நடந்தார்.

வலது கன்னம் நிரம்பிக்கொண்டே வந்தது. இதுவரை கிருதாவை நீளமாக விட்டுக் குழிகளை மறைத்து வைத்திருந்தார். ஐந்தாவது தடவைக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோவைக் கூப்பிட்டு அதைக் காதளவுக்குக் குறைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும். ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் கேலிக்கூத்தாகிவிடும். அன்று முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரின் தலையைக் கண்ணாடியில் நிமிர்ந்து பார்த்துச் சரி செய்தார். உடம்பைக் கொஞ்சம் திருப்பி, வலது கன்னம் கண்ணாடிக்குத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டார்.

இடது கன்னத்தைப் பற்றித் தங்கையிடம் கேட்பதையும் குறைத்துக்கொண்டார். தப்பு தன்மேல் என்று நினைத்தார். எத்தனை கட்டியும் சில இரவுகளில் புரண்டுவிடுகிறோமே. அவளும் எத்தனை தடவைதான் சொல்வாள்.

ஆறாவது தடவையும் முடிந்து ஆறு வாரம் ஆனது. தங்கை நீலத் துணிக்கு முன்னால் நிற்கவைத்து மறுபடி படம் எடுத்தாள். இரண்டு நாள் தாடியோடு வரச் சொல்லியிருந்தாள்.

"இடது பக்கம் எதுக்கு? அதுலதான் ஒண்ணும் இல்லையே."

"எல்லாப் பக்கமும் எடுக்கணும்ணே, முறை."

*

இரண்டு வாரம் கழித்து ஒரு லாரி ஓட்டுநர் முகம் மழிக்க வந்தார். வழக்கமாக வருகிறவர்தான். அவர் முகமும் இவர் முகம் மாதிரி.

"ரோடெல்லாம் பள்ளம், அதுல ஓட்டி ஓட்டி மூஞ்சியும் அப்படியே ஆயிடுச்சு" என்று தானே சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்காமல் ஃபோனை நீட்டினார்.

"இதப் பாரு. பள்ளத்தை ரொப்பித் தராங்களாம். போகலாமான்னு பாக்கறேன். உனக்குத் தெரியாத மூஞ்சியா, நெஜமா பொய்யான்னு சொல்லு."

இரண்டு கன்னங்களின் படம். கண்ணும் வாயும் இல்லை. காதிலிருந்து தாடை வரை மட்டும். இரண்டும் வலது கன்னங்கள். ஒன்றின் கீழே 'முன்', மற்றதன் கீழே 'பின்'. முன் என்றதில் குழி குழியாக இருந்தது. பின் என்றதில் லேசான மேடு பள்ளம்தான். கீழே நிலையத்தின் பெயர்.

தங்கை வேலை பார்க்கிற இடம். அப்படியென்றால் தன் கன்னம். சந்தோஷம் நெஞ்சில் எழும்பியது. கூடவே வேறு ஏதோ உறுத்தியது. முகம் மழிக்கிறவன் முதலில் தோலைப் பார்க்கமாட்டான். மயிர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பான். கத்தி ஓடவேண்டிய வழி அது.

'முன்' படத்தில் தாடைக்குக் கீழே தாடி ஒரு சுழியாகச் சுற்றிக் காதைப் பார்த்து ஏறியது.

அவருக்கு வலது தாடையில் சுழி கிடையாது. வலது பக்கம் நேராக இறங்கும். சுழி இடது பக்கம். தன் கையால் தினமும் மழிக்கிற சுழி.

ஃபோனைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். கண்ணாடிக்குள் படம் திரும்பியது. இடது கன்னம் ஆனது.

சரி, ஏதோ மாற்றிப் போட்டுவிட்டார்கள், முதல் நாள் எடுத்த இடது கன்னமாக இருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். அப்போது கிருதா கண்ணில் பட்டது. காதளவுக்குக் குறைத்த கிருதா. ரேடியோ குறைத்தது. ஐந்தாவது தடவைக்குச் சற்று முன்னால் குறைத்தது. இரண்டு படங்களிலும் தாடி ஒரே நீளம், இரண்டு நாள் வளர்த்தி.

'முன்' படம் முன்னால் எடுத்ததே இல்லை. இரண்டும் ஒரே நாளில் எடுத்தவை.

"என்னப்பா, ஃபோனுக்குச் சவரம் பண்றியா?" என்றார் ஓட்டுநர்.

"இந்த ஆள எனக்குத் தெரியும்."

"அப்படியா? நெஜமாவே போச்சா?"

"ஒரு பக்கம்."

ஓட்டுநருக்கு ரேடியோவை மழிக்கச் சொல்லிவிட்டு மேலங்கியைக் கழற்றினார்.

*

நிலையத்தின் நடையிலேயே டாக்டரம்மா எதிரில் வந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. நானே உங்களுக்கு ஃபோன் பண்ணணும்னு இருந்தேன். விளம்பரம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க மனசு யாருக்கு வரும், சொல்லுங்க? மத்தவங்க ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக ஒரு பக்கத்த அப்படியே விட்டுக்குடுக்கறதுன்னா சும்மாவா? உங்க தங்கச்சி வந்து சொன்னப்ப நானே நம்பல. அண்ணன்தான் சொன்னாரு மேடம், இடது பக்கத்த விட்டுடுங்கன்னு சொன்னாரு, அப்படின்னா."

தங்கை கையில் தட்டோடு சிகிச்சை அறை வாசலில் நின்றிருந்தாள்.

"முன் பின்னு போட்டது விளம்பரக்காரங்க வேலை" என்றார் டாக்டரம்மா. "படத்தத் திருப்பிட்டாங்க. ஒரே பக்கமா தெரிஞ்சாத்தான் ஜனங்களுக்குப் புரியுமாம். எனக்கு அவ்வளவா பிடிக்கல. ஆனா ஒரே ஒரு தடவையோட விட்ட பக்கம் முன்ன இருந்த மாதிரிதானே இருக்கும், என்ன சொல்றீங்க?"

"ஒண்ணு கேக்கணும் டாக்டரம்மா. இடது பக்கம் படுத்துத் தூங்கினா இடது கன்னம் ஆறாதுங்களா?"

டாக்டரம்மா சிரித்தார். "யாரு சொன்னா? எப்படி வேணா படுங்க. மொத ரெண்டு ராத்திரி தலகாணி உறை சுத்தமா இருந்தாப் போதும்."

"ஜன்னல் வெயில்?"

"கிரீம் போட்டீங்கல்ல? அப்புறம் என்ன? இடது பக்கத்துக்கு எதுக்கு இவ்வளவு கவலை, மொத தடவைக்கு அப்புறம் அதத் தொடவே இல்லையே." தங்கை பக்கம் திரும்பினார். "அந்த ஒப்புதல் படிவம் இன்னும் ஃபைல்ல வரல. அண்ணன் வீட்டுல இருக்குன்ன. தலைமை அலுவலகத்துல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க."

"இதோ வாங்கித் தரேன் மேடம்."

*

தங்கை கதவைச் சாத்தினாள். தட்டை வைத்தாள். வைத்த தட்டை மறுபடி நேராக வைத்தாள்.

"உக்காருண்ணே."

அவர் நின்றார்.

"மொத நாள் எடுத்த படம் அழிஞ்சு போச்சு" என்றாள். "கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்னு நெனச்சுக் கேமராவுல அழிச்சிட்டேன். ஏத்தல. மறு தடவை நீ வர்றதுக்கு மொத நாள்தான் பாத்தேன். அந்த மாசம்தான் மூணு பேர வேலைய விட்டுத் தூக்கியிருந்தாங்க. முன்னாடி எடுத்த படம் இல்லாம விளம்பரமே இல்ல. உனக்கு இலவசமா பண்றதே அதுக்குத்தான்."

"அதுக்கு?"

"உன் இடது கன்னம் இருந்துச்சு."

அவள் அழவில்லை. அவளுக்கு நெருக்கடியில் குரல் சீராகிவிடும். சிகிச்சையைப் பற்றி எடுத்துச் சொல்கிற குரல்.

"ஊசிய வெளிய வராம திருகி வெச்சுக்கிட்டு ஓட்டினேன். ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. ஒரு தடவைதான் தொட்ட தோலு. எப்ப வேணா செஞ்சுக்கலாம். அடுத்த வாரமே ஆரம்பிச்சிடறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. படம் போச்சு, ஒரு பக்கத்த விட்டுக்குடுன்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும். கேட்டா நீ குடுத்துடுவ. அதான் கேக்காமயே எடுத்துக்கிட்டேன்."

சுவரில் நீலத் துணி தொங்கியது. கீழே பாதம் வைக்கிற கோடு.

"சரி, எடுத்துக்கிட்ட. தூங்கறதப் பத்தி ஏன் சொன்ன?"

"என்ன?"

"தலகாணியப் பத்தி. வெயிலப் பத்தி. அஞ்சு மாசமா தோள்ல துணியக் கட்டிக்கிட்டுப் படுக்கறேன். உனக்குத் தெரியும். அண்ணி உன்கிட்ட சொல்லிச் சிரிச்சா. நீயும் சிரிச்ச."

தங்கை தட்டிலிருந்த பஞ்சை அடுக்கினாள்.

"நீ கேட்டுக்கிட்டே இருந்த. ஏதாவது சொல்லணும்ல."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியைச் சற்றுச் சாய்த்துவிட்டாள், பழக்கத்தில்.

"இப்ப என்ன ஆகும்?" என்றார்.

"இடது பக்கத்துக்கும் மொதல்லேருந்து அதே ஆறு தடவை. வலது பக்கம் நல்லா வந்திருக்கு, அதனால இதுவும் வரும். மூணாவது தடவைக்கு அப்புறம் தெரிய ஆரம்பிக்கும். அறுபது சதவீதம் குறையும்ணே, நான் சொல்றேன். கடைசில ரெண்டும் ஒண்ணா இருக்கும்."

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதில் எது டாக்டரம்மா சொன்னது, எது அவளாகச் சொல்வது என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாமே உண்மையாகவும் இருக்கலாம். குரல் ஒன்றுதான். தலையணையைப் பற்றிச் சொன்னதும் இதே குரல்.

அவள் இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அச்சடித்த படிவம். 'இடது கன்னத்தை மேற்கொண்டு சிகிச்சை இன்றி விட முழு மனதுடன் சம்மதிக்கிறேன்' என்று நடுவில் இருந்தது. பெயரை அவளே நிரப்பியிருந்தாள்.

"இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக்குடுண்ணே. தேதி மட்டும் ரெண்டாவது தடவை வந்தியே, அந்தத் தேதி. பென்சில்ல ஓரத்துல எழுதி வெச்சிருக்கேன், பாத்துப் போடு."

"போடலன்னா?"

"வேலை போயிடும். போனாப் போகட்டும்னா விடு. உன் இஷ்டம்."

உன் இஷ்டம் என்று அவள் சொன்னது இதுதான் முதல் தடவை.

பேனாவை வாங்கினார். தாளை முழுக்கப் படித்தார். நிதானமாக, ஒவ்வொரு வரியாக. அவள் கன்னத்தில் நிறம் திரும்பியது. கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தேதி எழுதினார். தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அண்ணே, இன்னைக்குத் தேதியப் போட்டுட்ட."

"ஆமா."

"பென்சில்ல எழுதியிருந்தேனே. வேற தாள் தரேன், இரு."

"வேற தாள் வேண்டாம். இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் சம்மதிச்சேன்."

"இத எப்படி நான் குடுக்கறது? பாத்தா கேப்பாங்களே."

"கேட்டா ஏதாவது சொல்லு."

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் நின்றது. டாக்டரம்மா குரல் கேட்டது. "கையெழுத்து ஆயிடுச்சாம்மா?"

தங்கை தாளைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"ஆயிடுச்சு டாக்டரம்மா. தங்கச்சி கையில இருக்கு, வாங்கிக்குங்க."